வெர்னா கோவலின் கண்

கனடாவின் கார்வெல் ஊரில், ஐஸில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடுகிற கர்லிங் ஆட்டத்துக்கான கொட்டகையில் ஓர் அளவுகோல் சுவரில் தொங்கும். எந்தக் கல் நடுப்புள்ளிக்குக் கிட்ட இருக்கிறது என்று தகராறு வந்தால் அளப்பதற்காக வாங்கியது. வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் வர்ணம் ஓர் இடத்தில்கூடத் தேயவில்லை. வெர்னா கோவல் இருக்கும்போது அதை எவன் எடுப்பான்? அவள் கல்லருகே வருவாள், துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு தடவை குனிவாள், நிமிர்வாள். "சிவப்பு" என்பாள். சிவப்புக்காரர்கள் பலகையில் எண்ணை மாட்டப் போய்விடுவார்கள். மஞ்சள்காரர்கள் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள்.

சந்தேகப்பட்டவன் ஒரே ஒருவன்தான். அவளுடைய புருஷன் நெஸ்டர். கல்யாணமான புதிது. அந்தக் கொட்டகைக்கு ஐஸ் போடுகிற வேலை அவனுக்குக் கிடைத்த முதல் குளிர்காலம். மனுஷக் கண் என்றால் எங்கேயாவது ஏமாறத்தானே வேண்டும் என்று அவனுக்கு ஒரு குறுகுறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு கற்களை வட்டத்துக்குள் எதிரெதிராக வைத்தான். கோலை வைத்து அளந்து அளந்து, முழங்காலால் தட்டித் தட்டி நகர்த்தி, இரண்டுக்கும் ஒரு தபால் அட்டையின் கனம்தான் வித்தியாசம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். "மஞ்சள்."

"எப்படிச் சொல்ற?"

"எப்படின்னா? தெரியுது."

மறுபடி நகர்த்தினான். மறுபடி கேட்டான். பதினோரு தடவை கேட்டான், பதினோரு தடவையும் சரி. பன்னிரண்டாவது தடவைக்குக் கல்லைப் பிடித்தபோது அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"பரீட்சை முடிஞ்சுதா? அடுப்புல முட்டைக்கோஸ் வேகுது, நான் போறேன்."

நெஸ்டர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முதுகுத்தண்டு சில்லிட்டது. அந்த ஊர்க் குளிரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது குளிரால் வந்ததில்லை என்று நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கோலைச் சுவரில் மாட்டியவன்தான், அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் தொடவில்லை.

அவள் பிழைப்பும் கண்ணால்தான். ரயில் பாதையோரம் நிற்கும் தானியக் கிட்டங்கியில் கோதுமைக்குத் தரம் போடுகிற வேலை. லாரியிலிருந்து ஒரு கை அள்ளுவாள், கறுப்புத் தட்டில் பரப்புவாள், விரலால் ஒரு கோடு இழுப்பாள், நம்பரைச் சொல்லிவிடுவாள். அதே தானியத்தை வினிபெக் நகரத்தில் பெரிய ஆபீசர்கள் பூதக்கண்ணாடியும் தராசும் வைத்துப் பார்த்து அனுப்புகிற தரமும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்டான் பராசுக் என்கிற குடியானவன் ஒவ்வொரு அறுவடைக்கும் வந்து கெஞ்சிப் பார்ப்பான்.

"ஒண்ணாம் நம்பர்னு எழுதும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"புண்ணியம் வேணும்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்க்கிறேன். இது ரெண்டாம் நம்பர்."

"உன் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம்."

"அப்படியா? அப்ப மூணாம் நம்பர்னு எழுதவா?"

ஸ்டான் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். மறுவருஷம் மறுபடி வருவான்.

கர்லிங்கில் ஒரு பக்கத்துக்கு நாலு பேர். இருபது கிலோ கருங்கல்லை, கைப்பிடியைப் பிடித்து, நீள ஐஸ் தளத்தில் சறுக்கிவிட வேண்டும். அந்தக் கோடியில் வட்டம். வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யார் கல் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்கு எண், அதாவது பாயிண்ட். கல் போகிறபோது இரண்டு பேர் முன்னால் ஓடி ஓடித் துடைப்பத்தால் தேய்ப்பார்கள்; தேய்த்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். கேட்டால் சிரிப்பு வரும். மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் ஆறு மாசம் வெளியே தலைகாட்ட முடியாத ஊரில் பிறந்திருந்தால் சிரிப்பு வராது.

வெர்னாவை அணிக்கு இழுத்தவள் இர்மா தீசன். கேப்டன். அறுநூறு வான்கோழி வளர்க்கிறவள். அந்த அறுநூறும் சேர்ந்து கத்தினாலும் அவள் குரலுக்கு ஈடாகாது. வெர்னாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் கல்லை விடுவதை இர்மா ஓரமாக நின்று பார்த்தாள். குனிந்து, ஒரு காலை மடக்கி, மற்ற காலைப் பின்னால் நீட்டி, மோவாய் கிட்டத்தட்ட ஐஸைத் தொட, கல்லோடு கல்லாகச் சறுக்கி, விடுகிற கணத்தில் கைப்பிடியை ஒரு சிறு திருகு. அவ்வளவுதான். கல் போய்க்கொண்டே இருந்தது. நேராகப் போய், கடைசியில் ஏதோ நினைவு வந்ததுபோல மெல்ல வளைந்து, மறைவாக நின்ற ஒரு கல்லின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

"அடியே, எனக்கு மூணாவது ஆளா வா" என்றாள் இர்மா.

மூன்றாவது ஆள் என்றால் சும்மா இல்லை. கேப்டன் கல்லை விடப் போகும்போது வட்டத்தில் நின்று துடைப்பத்தைக் குறியாகப் பிடிக்கிறவள் அவள்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இந்த அணியின் மூன்றாவது ஆளும் அந்த அணியின் மூன்றாவது ஆளும் மட்டும் வட்டத்துக்குள் நின்று, யாருக்கு எத்தனை எண் என்று பேசி முடிவு செய்வார்கள். நடுவர் உண்டு. அவரைக் கூப்பிட்டால்தான் வருவார். கூப்பிடுவது கொஞ்சம் வெட்கக்கேடு.

துடைப்பக்காரிகளாக ஜோஹான்சன் அக்காவும் தங்கையும் சேர்ந்தார்கள். நாலு பேரும் இருபத்திரண்டு வருஷம் ஆடினார்கள். பிள்ளை பெற்றார்கள், அறுவடை பார்த்தார்கள், மாமியாரை அடக்கம் செய்தார்கள். நவம்பர் வந்தால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மாகாண இறுதி ஆட்டம்வரை மூன்று தடவை போய் மூன்று தடவையும் தோற்றார்கள். மூன்றாவது தடவை தோற்றபோது இர்மா வான்கோழிக் கொட்டிலில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது ஊருக்கே கேட்டது, அவள் குரல் அப்படி.

இர்மாவுக்கு ஐம்பத்தொன்று ஆனது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த ஒரு குளிர்காலம்தான், அப்புறம் பெரிய ஆட்டம் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் மாகாணத்தை ஜெயித்தார்கள். கனடா தேசியப் போட்டியையும் ஜெயித்தார்கள். நாற்பத்து நாலு வயதில் வெர்னா கோவல் முதுகில் கனடாவின் சின்னமான மேப்பிள் இலை போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சுவீடனில் நடந்த உலகப் போட்டிக்கு விமானம் ஏறினாள். ஊரே சர்ச் நிலவறையில் கூடிப் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்து விற்று நெஸ்டருக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது.

சும்மா சொல்லக் கூடாது, அங்கே அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டம் நெஸ்டர் அதுவரை கண்டதில்லை. அரங்கத்தில் பத்தாயிரம் பேர். கார்வெலில் மொத்தமே அறுநூறு பேர், வான்கோழியைச் சேர்த்தால் ஆயிரத்து இருநூறு. அரையிறுதியில் வெர்னா விட்ட ஒரு கல் இரண்டு எதிரிக் கற்களை வெளியே தள்ளிவிட்டு, தான் மட்டும் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றது. நெஸ்டர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத சுவீடன்காரனின் தொடையைப் பிடித்து அமுக்கிவிட்டான். அவன் கோபப்படவில்லை. அவனும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பெண்ணுக்கா நாம் தினமும் காலையில் காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்கிறோம் என்று நெஸ்டருக்குத் தோன்றியது. மனைவியிடம் பேசவே கொஞ்சம் பயமாகிவிட்டது.

இறுதி ஆட்டம் நார்வேயோடு. கடைசிச் சுற்றுக்கு வரும்போது ஐந்துக்கு ஐந்து. கடைசிக் கல் இர்மாவுடையது. வட்டத்துக்குள் நார்வேக் கல் ஒன்று நடுப்புள்ளிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்றது. அதைவிடக் கிட்டப் போய் நின்றால் உலகக் கோப்பை.

இர்மா கல்லை விட்டாள். விட்ட கையோடு எழுந்து, முழங்காலை இழுத்துக்கொண்டு, "தேய்ங்கடி! விடாதீங்கடி!" என்று கத்திக்கொண்டே கல்லுக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தாள். ஜோஹான்சன் சகோதரிகள் தேய்த்த தேய்ப்பில் துடைப்பம் புகையாதது ஆச்சரியம். கல் ஊர்ந்தது. நடுப்புள்ளியைத் தாண்டியது. தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. ஒரு பக்கம் நார்வேக் கல், மறுபக்கம் கனடாக் கல். நடுவில் புள்ளி.

நார்வேயின் மூன்றாவது ஆள் தோரா என்கிற இருபத்து மூன்று வயதுப் பெண். அவளும் வெர்னாவும் இரண்டு பக்கமும் குனிந்தார்கள். இர்மா வட்டத்தின் விளிம்பில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். தோரா கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களோடது" என்று சொல்லி, தோற்றவர்கள் செய்கிறபடி தன் கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெர்னாவிடம் கையை நீட்டினாள்.

வெர்னா கையை வாங்கிக்கொள்ளவில்லை.

"இல்லம்மா" என்றாள். "உங்களோடதுதான் கிட்ட இருந்துச்சு."

தோராவுக்குப் புரியவில்லை. "நான் பாத்தேனே. உங்க கல்லுதான்."

"நீ பக்கவாட்டுல நின்னு பாத்த. உங்க கல்லுதான்."

இரண்டு பேரும் எண்ணை எதிராளிக்குக் கொடுத்து மல்லுக்கு நிற்கிறார்கள்! நடுவர் ஓடிவந்தார். நரைத்த மீசைக்காரர், முப்பது வருஷம் நடுவராக இருந்தவர். கல் நகர்ந்துவிட்டதால் இனி அளக்க வழியில்லை. விதியைச் சொன்னார்: அளக்கும் முன்பே கல்லை நகர்த்தியது நார்வே, ஆகவே எண் கனடாவுக்கு. அதோடு முடிந்திருக்க வேண்டும். யாரும் கனடாவை ஒரு குற்றம் சொல்லியிருக்க முடியாது.

வெர்னா இர்மாவைப் பார்த்தாள். "அவங்கதான் ஜெயிச்சாங்க, இர்மா."

இர்மா கனடாக் கல்லை ஒருதரம் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. நெஸ்டர் இருந்த வரிசை கீழேதான், அவனுக்கு எல்லாம் கேட்டது.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

இர்மா தலையை ஆட்டினாள். நொண்டிக்கொண்டே வட்டத்தைக் கடந்து, நார்வே கேப்டனிடம் போய்க் கையை நீட்டினாள். கர்லிங்கில் கேப்டன் கை கொடுத்துவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதை எந்த நடுவரும் மாற்ற முடியாது. மீசைக்கார நடுவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்றது.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் வாங்கித் தர வேண்டும், இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். உலகக் கோப்பையானாலும் அதுதான் வழக்கம். எட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். தோரா மட்டும் கிளாஸைத் தொடவில்லை. "நான் சரியாத்தான் பாத்தேன்னு இன்னும் தோணுது" என்று முனகினாள். வெர்னா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "குடிம்மா. இத்தனை வருஷத்துல என் கண்ணு தப்பினதில்ல." இர்மா அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாவது கிளாஸையும் காலி செய்தாள்.

ஊர் திரும்பியபோது முதல் இரண்டு நாள் கார்வெல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. காப்பிக் கடையில் ஸ்டான் பராசுக் புலம்பினான். "எனக்கு ஒண்ணாம் நம்பர் தராத மகராசி, நார்வேக்காரிக்கு உலகத்தையே தூக்கிக் குடுத்துட்டா." ஆனால் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் பத்து, பிறகு மூட்டை. பத்திரிகைகள் படம் போட்டன. எங்கோ கடலோர ஊரில் ஒரு பள்ளிக்கூடம் அவள் பெயரில் ஒரு பரிசு வைத்தது. ஒரே வாரத்தில் ஸ்டான், "நான் அப்பவே சொன்னேன், அவ அப்பாவும் நானும் ஒரே பெஞ்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டான். ஊர் மண்டபத்தில் வெர்னா கோவலுக்குப் பெரிய பாராட்டு விருந்து என்று முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தின் முழு ஒளிநாடாவையும் கொட்டகையின் கர்லிங் கிளப்புக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். ஐஸ் தளத்துக்கு நேர் மேலே கூரையில் அவர்கள் ஒரு கேமரா தொங்கவிட்டிருந்தார்கள். அன்றைக்கு அழுகிற முகங்களையும் நடுவரையும் காட்டுகிற அவசரத்தில் அந்தக் கேமராப் படத்தை யாரும் ஒளிபரப்பவில்லை.

கிளப் மாடியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நெஸ்டர் தனியாக உட்கார்ந்து பார்த்தான். இர்மாவின் கல் நின்ற இடத்தில் படத்தை நிறுத்தினான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் வரைபடம்போலத் தெளிவாகத் தெரிந்தது. டிவிப் பெட்டிக்கு அருகே போனான். சட்டைப் பையிலிருந்து சிறு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தான். நார்வேக் கல்லுக்கு வைத்தான், கனடாக் கல்லுக்கு வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். கனடாக் கல்தான் கிட்ட இருந்தது. தளத்தில் அது கால் அங்குலம் இருக்கும்.

கால் அங்குலம் என்பது மற்றவர்களுக்கு நூலிழை. வெர்னாவுக்கு அது ஒரு மைல். தபால் அட்டைக் கனத்தைக் கண்ணால் பிரித்தவள் அவள். அவளுக்கு என்ன ஆயிற்று? இது தெரிந்தால் இர்மா என்ன ஆவாள்? அவன் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஐஸ் இயந்திர அறையில் மோட்டாருக்குப் பின்னால் சொருகிவிட்டான்.

பருவம் முடிந்து கொட்டகை ஐஸைக் கரைத்து எடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊர் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. வழக்கம்போல யாராவது, "வெர்னா, இது யாருதுன்னு பாரேன்" என்று கூப்பிடுவார்கள். அவள் குனிவதற்குள் நெஸ்டர் சுவரிலிருந்து கோலைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"எதுக்கு அது?" என்றாள்.

"சும்மாதான் தொங்குது. ஒரு தடவை அளந்துதான் பாப்போமே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மறுநாளும் கோலோடு வந்தான். அதற்கடுத்த நாளும். கிளப்பில் ஆளாளுக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று. வெர்னா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் ஒருநாள் பக்கத்து டவுன் பிரான்டனுக்கு பஸ் ஏறிப் போய் வந்தாள். துணி வாங்கப் போனேன் என்றாள். கையில் துணிப்பை எதுவும் இல்லை. நெஸ்டரும் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்கத் தெம்பில்லை.

விருந்து நாள் வந்தது. மண்டபத்தில் முந்நூறு பேர். முட்டைக்கோஸ் உருண்டை, பெரோகி, இர்மா வீட்டு வான்கோழி. நடுமேசையில் துடைப்பம்போலச் செய்த பெரிய கேக். பாதிரியார் பேசினார், ஊர்த் தலைவர் பேசினார், ஸ்டான் பராசுக் பெஞ்சைப் பற்றிப் பேசினான். நேர்மை என்கிற சொல்லை எண்ணியவர்கள் நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார்கள். கடைசியில் வெர்னாவை அழைத்தார்கள். அவள் நீலக் கவுனில் மேடையேறினாள். நெஸ்டர் மேடைக்கு ஓரமாக நின்றான். ஜோஹான்சன் சகோதரிகளுக்கு நடுவே இர்மா முன்வரிசையில் உட்கார்ந்து, காலை ஒரு நாற்காலி மேல் நீட்டியிருந்தாள்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று வெர்னா ஆரம்பித்தாள். "கேக்கை வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட என் பேச்சுக்கு மேல கோலை எடுக்காத மனுஷன், இப்ப ரெண்டு வாரமா அதைத் தூக்கிக்கிட்டுத் திரியறான். எல்லாரும் பாத்தீங்க. அப்ப ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தேடினேன். மோட்டாருக்குப் பின்னாடி டேப்பு இருந்துச்சு."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

"போட்டுப் பாத்தேன். அந்தக் கல்லு நம்மளோடது. கால் அங்குலம். தோரான்னு அந்தப் பொண்ணு பாத்ததுதான் சரி, நான் பாத்தது தப்பு. பிரான்டன்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினேன். இடது கண்ணுல புரை விழுந்திருக்காம், ஒரு வருஷமா இருக்குமாம்." தண்ணீர் கிளாஸை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள். "நீங்க நேர்மைக்காக விருந்து வச்சிருக்கீங்க. நான் பொய் சொல்லல, அது நிஜம். ஆனா நான் சொன்னதும் நிஜமில்ல. தோராவுக்குக் கடிதாசு போட்டுட்டேன், அவ கண்ணு நல்ல கண்ணுன்னு. இர்மாவுக்குக் கடிதாசு போட முடியாது, நேர்லதான் சொல்லணும்."

யாரோ வைத்த முள்கரண்டி தட்டில் சத்தம் போட்டது.

"இர்மா, அந்தக் கோப்பை உன்னோடது. உன் கடைசிக் கல்லு, நீ சரியாத்தான் போட்ட. நான்தான் அதைத் தூக்கி வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். திருப்பித் தர எனக்கு வழி தெரியல."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை இவள் எழுந்து சொன்னாள். அவளே சொல்லாவிட்டால் நெஸ்டரைத் தவிர கார்வெலில் ஒருத்தருக்கும் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடப் பரிசு இருந்திருக்கும், பத்திரிகைப் படம் சுவரில் தொங்கியிருக்கும். தன்னோடு ஒரே வீட்டில் வாழ்கிற இந்த மனுஷிக்கு எவ்வளவு உயரம் என்று நெஸ்டருக்கு அளக்கத் தெரியவில்லை.

இர்மா காலை நாற்காலியிலிருந்து இறக்கினாள். துடைப்பக்காரச் சகோதரி ஒருத்தி தாங்கப் போனாள், அவள் கையைத் தள்ளிவிட்டாள். எழுந்தாள். வாசல் பக்கம் போகப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேடையின் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக ஏறி மேலே வந்தாள். ஊரைக் கூப்பிடும் குரல்காரி, அன்றைக்கு மைக் பக்கம்கூடப் போகாமல் மெதுவாகப் பேசினாள். பக்கத்தில் நின்ற நெஸ்டருக்கு மட்டும் கேட்டது.

"அது எனக்குத் தெரியும்டி."

வெர்னா அவளைப் பார்த்தாள். "டேப்பை நீயும் பாத்தியா?"

"டேப்பு என்ன டேப்பு. கல்லுக்குப் பின்னாடியே வந்து வட்டத்துல நின்னவதானே நான். எனக்கும் கண்ணு இருக்கு. நம்ம கல்லுதான் கிட்ட இருந்துச்சு. பளிச்சுனு தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடி போய்க் கை குடுத்த?"

இர்மாவுக்கு இந்தக் கேள்வியே விளங்காததுபோல இருந்தது.

"இல்லைன்னு நீ சொன்னியே" என்றாள்.

வெர்னா கோவல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இர்மா அவளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கீழே முந்நூறு பேரும், மேடையில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர் ஆட்டத்துக்கு இந்த முட்டி தாங்கும்" என்றாள் இர்மா. "நவம்பர்ல வா. கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தாலும் சரி, பண்ணாம வந்தாலும் சரி. நீ சொல்றதுதான் கணக்கு."

நெஸ்டர் அந்த இரண்டு பெண்களையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டான்.